உள்ளே வராத வக்கீல்

சுப்ரீம் கோர்ட்டில் அங்கி மாட்டிக்கொண்டு நான் வக்கீலான அன்று எடுத்த படங்களில் நான் இருப்பவை பாதி. மீதியில் அம்மாவும் அங்கியும். "எந்த மாதிரி கேஸ் எடுக்கப் போறே?" என்று மாமா கேட்டார். "தொழிலாளர் சம்பள கேஸ், மாமா" என்றேன். கையில் இருந்த லட்டைத் திரும்பத் தட்டில் வைத்துவிட்டார்.

அப்பாதான் காப்பாற்றினார். என் தாத்தா தபால்காரர். 1952 மே மாதம் சிங்கப்பூர்த் தபால்காரர்கள் சுமார் இரண்டு வாரம் வேலைநிறுத்தம் செய்தபோது அவர்களுடைய சங்கத்துக்குச் சட்ட ஆலோசகர் லீ குவான் யூ. கேம்பிரிட்ஜில் படித்துவிட்டு வந்து இரண்டு வருஷம்கூட ஆகவில்லை. யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டையில் பிறந்த ராஜரத்தினம் பத்திரிகையில் அவர்களுக்காக எழுதினார். சம்பளம் உயர்ந்தது. தாத்தாவுக்கு லீயைத் தெரியும். லீக்குத் தாத்தாவைத் தெரியாது. "அவரும் இப்படித்தான் ஆரம்பிச்சாரு" என்றார் அப்பா. எங்கே போய் நின்றார் என்பது மாமாவுக்குத் தெரியும். லட்டு மறுபடி கைக்கு ஏறியது.

எங்கள் வீடு பூன் லேயில். சியூ பூன் லே ஜூரோங்கில் தோட்டங்கள் வைத்திருந்த முதலாளி. தொழிலாளர் வக்கீலுக்கு முதலாளி பெயரில் முகவரி. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் எங்கள் புளோக்குக்குக் கீழே இருக்கும் கோப்பிக்கடைதான் என் கிளை அலுவலகம். அங்கே வந்த முதல் கட்சிக்காரர் பட்டுக்கோட்டைப் பக்கத்து அண்ணன். வெல்டர். அவர் பாஷையில் ஓவர்டைம் என்றால் ஓட்டி.

"ஓட்டி காசு குறையுது தம்பி. கேஸ் போட்டா நீங்க வந்து பேசுவீங்கல்ல?"

இந்தக் கேள்விக்குத்தான் நான் பயந்துகொண்டிருந்தேன். சம்பள வழக்குகளுக்காக 2017 ஏப்ரல் 1 முதல் தனித் தீர்ப்பாயம் இருக்கிறது. 20,000 வெள்ளி வரை கேட்கலாம், தொழிற்சங்கம் துணை நின்றால் 30,000. முதலில் சமரசப் பேச்சு, ஒத்துவராவிட்டால் தீர்ப்பாயம். செலவு குறைவு, சீக்கிரம் முடியும். எல்லாம் சரி. ஆனால் கட்சிக்காரருக்காக வக்கீல் ஆஜராகக் கூடாது. முதலாளியும் வக்கீல் வைக்க முடியாது என்பதால் நியாயமான ஏற்பாடு என்று படிக்கும்போது பரீட்சையில் நானே எழுதி மார்க் வாங்கியிருக்கிறேன்.

"நான் உள்ள வர முடியாதுண்ணே."

"லாயர்தானே தம்பி நீங்க?"

"லாயருங்கிறதாலதான்."

அண்ணன் ஒரு நிமிஷம் யோசித்தார். படிக்க எவ்வளவு செலவாச்சு என்று கேட்டார். சொன்னேன். "நான் ஏஜெண்டுக்குக் கட்டினது பரவாயில்ல" என்றார்.

பிறகு பையிலிருந்து ரப்பர் பேண்டு போட்ட ஒரு கட்டை எடுத்து வைத்தார். தினக்காலண்டர் தாள்கள். தேக்கா மளிகைக்கடையில் கொடுத்த காலண்டர். ஒவ்வொரு நாளும் தாளைக் கிழித்ததும் அதன் பின்னால் அன்றைக்கு எத்தனை மணிநேரம் ஓட்டி என்று எழுதி வைத்திருக்கிறார். ஒரு வருஷம், ஒரு நாள் விடவில்லை. முன்பக்கம் நல்ல நேரம், எமகண்டம், ராசிபலன். பின்பக்கம் "4 மணி", "கப்பல் அவசரம் 6 மணி". அவர் துலாம். ஆறு மணிநேரம் பாக்கி விழுந்த தாளைத் திருப்பினால், துலாம்: வரவு.

கணக்குப் போட உட்கார்ந்தேன். கணக்கு வராததால் சட்டம் படித்தவன் நான். மாதச் சம்பளக்காரருக்கு விதி இது: அடிப்படைச் சம்பளத்தை 12ஆல் பெருக்கு, 52ஆல் வகு, மறுபடி 44ஆல் வகு. அதில் ஒன்றரை மடங்கு ஒரு மணிநேர ஓட்டி. அண்ணனுக்கு அடிப்படை 800 வெள்ளி. அப்படியானால் 6 வெள்ளி 29 காசு. கம்பெனி கொடுத்தது 4 வெள்ளி. காலண்டர்படி 720 மணிநேரம். மூன்று முறை கூட்டிக் கம்பீரமாகச் சொன்னேன்: "1,468 வெள்ளி 80 காசுண்ணே."

கோப்பி ஓவை ஆற்றிக்கொண்டே, "ஆறையும் நாலையும் மாத்திப் போட்டுட்டீங்க தம்பி. 1,648" என்றார். பேனா தொடவில்லை மனுஷன்.

அதற்குப் பின் மூன்று ஞாயிறு. தாள்களை மாதவாரியாக அடுக்கி அட்டவணை போட்டேன். சம்பளச் சீட்டையும், சிங்கப்பூர் வருவதற்கு முன் கைக்கு வந்த ஐபிஏ என்ற வேலை அனுமதிக் கடிதத்தையும் இணைத்தேன். கடிதத்தில் எழுதியிருந்த சம்பளத்தை அண்ணன் அன்றுதான் தமிழில் கேட்டார். அவர் பேச வேண்டியதை ஒத்திகை பார்த்தோம். முதலாளியாக நான். அவ்வளவு மோசமான முதலாளியைப் பார்த்ததில்லை என்று பக்கத்து மேசைக்காரர் எழுந்து போய்விட்டார்.

சமரசப் பேச்சு நடந்தது பெண்டமியர் ரோட்டில். அண்ணன் உள்ளே போனார். நான் எதிரே கோப்பிக்கடையில் தே தாரிக் இரண்டு, கோப்பி ஒன்று, மறுபடி தே தாரிக். மகப்பேறு வார்டுக்கு வெளியே நிற்கும் கணவன் இதைவிட நிதானமாக இருப்பான். இரண்டு மணிநேரம் கழித்து வந்தார்.

"முழுசும் தர்றாங்களாம். ரெண்டு தவணையில."

"எப்படிண்ணே பேசினீங்க?"

"எங்க பேச விட்டாங்க? காலண்டரை எடுத்து மேசையில வச்சேன். அவங்க ஆளு நாலு தாளைத் திருப்பிப் பாத்தாரு. அப்புறம் பேசவே இல்ல."

அப்படியானால் என் அட்டவணை? மரியாதைக்குக் கேட்டுவைத்தேன். "அது பையிலேயே இருக்கு தம்பி" என்றார், ஆறுதலாக.

கட்டணம் வேண்டாம் என்றேன். அண்ணன் விடவில்லை. அடுத்த ஞாயிறு தேக்காவிலிருந்து புதுக் காலண்டர் ஒன்று வந்தது, முருகன் படம் போட்டது. அம்மா அதை அங்கிப் படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறார். காலையில் கிழித்ததும் என் ராசியைப் பார்த்தேன். மேஷம்: அலைச்சல். கீழே இறங்கினால் கோப்பிக்கடையில் ஐந்து பேர், ஆளுக்கொரு கட்டோடு.