மாடல் மன்னர்

பழைய மகாபலிபுரம் சாலையில் எந்தக் கண்ணாடிக் கட்டடத்துக்குள் நுழைந்தாலும் இவரைப் பார்க்கலாம். சாஃப்ட்வேர் பிராஜெக்ட் மேனேஜர். கழுத்தில் ஐடி கார்டு, கையில் மார்க்கர். கோடு எழுதி வெகுகாலம் ஆயிற்று. எப்படி எழுத வேண்டும் என்று சொல்லவே பொழுது போதவில்லை.

கிளையண்ட் வங்கிக்காரர் என்றால் இவர், ஒரு கட்டம் முடிந்த பிறகே அடுத்த கட்டம் என்னும் வாட்டர்ஃபால் மாடலின் பக்தர். "ரிக்வயர்மெண்ட் ஃப்ரீஸ் ஆகாம ஒரு வரி எழுதக் கூடாது!" 1970இல் வின்ஸ்டன் ராய்ஸ் தம் கட்டுரையில் போட்ட படத்தைத் திரையில் காட்டுவார். இப்படியே செய்தால் தோல்வியை வலியக் கூப்பிடுவதாகும் என்று அதே கட்டுரையில் ராய்ஸ் எச்சரித்திருப்பது இவருக்குத் தெரியாது. இவர் படம் மட்டும் பார்ப்பவர்.

மறுவாரம் ஸ்டார்ட்அப் ஆள் வந்தால், சிறு சிறு சுற்றாகச் செய்து மாற்றத்தை ஏற்றுக்கொண்டே போகும் அஜைல். 2001இல் யூட்டா மலை விடுதியில் 17 பேர் கூடி வெளியிட்ட பிரகடனத்தில் 18ஆவது கையெழுத்து தன்னுடையது என்ற தோரணையில் பேசுவார். எதிராளி 'ரிஸ்க்' என்று வாய் தவறிச் சொன்னாலோ, சுற்றுக்குச் சுற்று ரிஸ்க்கை அலசும் பேரி போமின் ஸ்பைரல் வந்துவிடும். போர்டு முழுக்க ஜாங்கிரி.

தினசரி ஸ்டாண்ட்-அப் 15 நிமிடத்தில் முடிய வேண்டும் என்பது, அஜைல் முறைகளில் ஒன்றான ஸ்க்ரமின் விதி. கால் வலித்தால் பேச்சு குறையும் என்பதால்தான் நின்றுகொண்டு பேசுவது. இவர் மட்டும் நாற்காலியில் உட்கார்ந்துகொள்வார். கூட்டம் முக்கால் மணி நேரம் ஓடும். ஒருநாள், வேலைகளை எழுதிப் போர்டில் ஒட்டியிருந்து ஏசி காற்றில் பறந்து விழுந்த மஞ்சள் சீட்டுகளை, பெருக்க வந்த அக்கா பொறுக்கி, இடம் காலியாக இருந்த 'முடிந்தது' கட்டத்தில் ஒட்டிவிட்டுப் போனார். அந்த வாரம் பிராஜெக்ட் கண்ட முன்னேற்றம் அவ்வளவுதான்.

புதிதாகச் சேர்ந்த பையன் கேட்டான்: "கோ-லைவ் எப்போ சார்?"

"டேட் போன மாசமே கொடுத்தாச்சுப்பா."

"ஸ்கோப்?"

"அதுவும் ஃபிக்ஸட்."

"அப்ப அஜைல் எதுல சார்?"

"நீங்க வீட்டுக்குப் போற நேரத்துல!"

தேவை தெளிவாக இருந்து, நடுவில் மாறாது என்றால் வாட்டர்ஃபாலே போதும். வாரத்துக்கொரு தரம் மாறும் என்றால் அஜைல். எது எங்கே கவிழ்க்கும் என்றே தெரியாத பெரிய வேலைக்கு ஸ்பைரல். வேலையைப் பார்த்துத்தான் மாடல். இவரோ ஆளைப் பார்த்து மாடல் எடுப்பவர்.

ஆகவே வாசகரே, உங்கள் மேனேஜர் அடுத்த முறை ஒரு மாடலின் பெயரைச் சொன்னால், "இந்த வேலைக்கு ஏன் சார் இது?" என்று தயங்காமல் கேளுங்கள். அப்ரைசல் முடிந்த பிறகு.