தாயகம் மீள்வோரின் ஆவணங்கள்: ஒரு முதற்கட்ட ஆய்வு

வெளிநாட்டிலிருந்து ஊர் திரும்ப என்ன வேண்டும் என்பதில் இரு கொள்கைகள் உண்டு. பாஸ்போர்ட் என்பது இமிகிரேஷன்காரர் கொள்கை. கோடாலித் தைலம் என்பது உறவினர் கொள்கை. இக்கட்டுரை முதலாவதை மட்டுமே ஆராய்கிறது. இரண்டாவது இல்லாமல் வந்தவர்கள் பேட்டி தரும் நிலையில் இல்லை.

ஆய்வுக்கு எடுத்துக்கொண்டவர் ஒரே ஒருவர்: என் மாமா. சிங்கப்பூரில் மகள் வீட்டில் ஒரு மாதம் இருந்துவிட்டுச் சென்னை திரும்பினார். பாஸ்போர்ட்டை பிளாஸ்டிக் கவரில் போட்டு, ஜவுளிக்கடைப் பையில் சுற்றி, பை வைத்த பனியனுக்குள் செருகியிருந்தார். அடிக்கடி நெஞ்சைத் தொட்டுப் பார்த்துக்கொண்டதில், விமானப் பணிப்பெண் இருமுறை வந்து வலிக்கிறதா என்று கேட்டுவிட்டுப் போனார்.

இனி, நூலாராய்ச்சி. பாஸ்போர்ட்டில் படத்துக்குக் கீழே இரண்டு வரிகள், வரிக்கு 44 இடங்கள். முதல் வரியில் ஆவணக்குறியும் நாட்டுக்குறியும் போக 39 இடங்கள் பெயருக்கு: முதலில் குடும்பப்பெயர், இரண்டு அம்புமுனை, பிறகு சொந்தப் பெயர், மீதியெல்லாம் அம்புமுனை. நம்மில் பலருக்குக் குடும்பப்பெயர் ஏது? இனிஷியல்தான். அதையும் விரித்து எழுதவேண்டும் என்பது விதி. விரித்தால் உள்ளேயிருந்து அப்பா வருகிறார். ஆக, திண்டிவனத்தைத் தாண்டாத என் தாத்தாதான் ஏட்டளவில் சிங்கப்பூர் போய் வந்தவர். விமான நிலையத்தில் அவர் பெயருக்கு முன்னால் 'மிஸ்டர்' போட்டு மூன்று தடவை கூப்பிட்டார்கள். மாமா அசையவில்லை. பக்கத்தில் இருந்தவர் உலுக்கியபோது, "அவர் போய் முப்பது வருஷமாச்சே" என்றார்.

இரண்டாம் வரி கணிதம். பாஸ்போர்ட் எண், பிறந்த தேதி, காலாவதித் தேதி ஒவ்வொன்றையும் 7, 3, 1 என்று மாற்றி மாற்றிப் பெருக்கிக் கூட்டி, 10-ஆல் வகுத்த மீதியைப் பக்கத்திலேயே அச்சிட்டிருக்கிறார்கள். கல்யாணத்துக்குக்கூட இவ்வளவு பொருத்தம் பார்ப்பதில்லை.

2014 மார்ச் முதல் திரும்பிவரும் இந்தியர்களுக்கு வருகைப் படிவம் கிடையாது. "சார், பேனா இருக்கா?" என்னும் தொன்மரபு அன்றோடு அற்றுப்போனது. வாங்கிய பேனாவைத் திருப்பித் தராத மரபும்.

பாஸ்போர்ட்டே இல்லாதவருக்கு? தூதரகம் அவசரச் சான்றிதழ் தரும். ஒரே தடவை, ஒரே திசை. வளைகுடாவில் இதற்குப் பெயர் அவுட்பாஸ். முதலாளி பாஸ்போர்ட்டைப் பிடுங்கி வைத்துக்கொண்டதால் இந்தத் தாளோடு வந்து இறங்குபவர்களும் உண்டு. வீட்டுக்கு வரும் தாளுக்கு வெளியே போகும் பெயர் வைத்தவர் யாரோ, அவரை இந்த ஆய்வாளர் தேடிக்கொண்டிருக்கிறார்.

சென்னைக் கவுன்ட்டரில் அதிகாரி படத்தைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார். "படத்துல மீசை கறுப்பா இருக்கே?"

"டை அடிக்கிறதை விட்டுட்டேன் சார்."

முத்திரை விழுந்தது. வெளியே அத்தை நின்றிருந்தாள்.

"தைலம் எங்கே?"

மாமா பனியனைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.