நிறுத்த வேண்டியது வெயிலை

கே: லுக்கேமியா சிகிச்சையில் இருக்கும் என் எட்டு வயது மகனுக்குப் பூஞ்சைத் தொற்றுக்காக வோரிகோனசோல் மாத்திரை கொடுக்கிறோம். கொஞ்ச நேரம் வாசலில் நின்றாலே கன்னமும் உதடும் வெந்ததுபோல் சிவக்கின்றன. மருந்து சேரவில்லையா டாக்டர்?

ப: அவன் சட்டையைக் கழற்றிப் பாருங்கள். மூடிய இடத்தில் தோல் சாதாரணமாக இருந்து, முகம், காது, உதடு, புறங்கை மட்டும் சிவந்திருந்தால் பெரும்பாலும் அது அலர்ஜி இல்லை. மருந்தும் வெயிலும் சேர்ந்து செய்த வேலை. வோரிகோனசோலை ஈரல் உருமாற்றும்போது உண்டாகும் பொருள் ஒன்று புற ஊதாக் கதிரை உள்வாங்கித் தோலைப் பொசுக்குகிறது. பெரியவர்களைவிடக் குழந்தைகளிடம் இது அதிகம். மருந்தின் அதிகாரபூர்வக் குறிப்பிலேயே இந்த எச்சரிக்கை உண்டு.

கே: அப்படியானால் மாத்திரையை நிறுத்திவிடட்டுமா?

ப: நிறுத்த வேண்டியது வெயிலை. எதிர்ப்புச் சக்தி குறைந்த குழந்தையின் நுரையீரலில் ஆஸ்பர்ஜில்லஸ் பூஞ்சை பரவினால் உயிருக்கே ஆபத்து. மாற்று மருந்துகள் உண்டு. மாற்றுவதை உங்கள் டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும். தோல் சிவந்ததை அவரிடம் உடனே சொல்லுங்கள்.

கே: வீட்டுக்குள்ளேயே இருந்தும் சிவக்கிறதே?

ப: ஜன்னலோரம் உட்காருகிறானா? புற ஊதாக் கதிரில் யுவிபி வகையைக் கண்ணாடி மறிக்கும். யுவிஏ வகையில் பெரும்பகுதியை உள்ளே விட்டுவிடும். காரின் பக்கக் கண்ணாடியும் அப்படித்தான். திரை போடுங்கள். முழுக்கைச் சட்டை, அகல விளிம்புத் தொப்பி அவசியம். சன்ஸ்கிரீனில் எஸ்பிஎஃப் 50 என்றிருந்தால் மட்டும் போதாது. அந்த எண் முக்கியமாக யுவிபிக்கான அளவு. யுவிஏவையும் தடுக்கும் என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். 2 மணி நேரத்துக்கு ஒருமுறை தடவுங்கள், உதட்டுக்கும் சேர்த்து.

கே: சிவப்பு தானாக மறைகிறது. பிறகு என்ன கவலை?

ப: கவலை உண்டு. மாதக்கணக்கில் மருந்து தொடரும்போது கரும்புள்ளிகள், முதுமைத் தோல், அரிதாகத் தோல் புற்றுநோய்கூட வருகின்றன, சிறுவர்களும் விலக்கல்ல. தோல் மருத்துவரிடம் தவறாமல் காட்டி வாருங்கள்.

கே: மகளுக்குத் தலையில் படர்தாமரை. கிரிசியோஃபுல்வின் கொடுக்கிறோம். அதற்கும் இதே கதையா?

ப: அதற்கும் வெயில் ஆகாது, ஆனால் பொதுவாக இந்த அளவுக்குப் போவதில்லை. தொப்பி போடுங்கள். பால், நெய் சேர்ந்த சாப்பாட்டுடன் கொடுத்தால் மருந்து நன்றாக உடம்பில் சேரும்.

கே: பள்ளியில் என்ன சொல்லி வைப்பது?

ப: மருந்தின் பெயரை எழுதிக் கொடுங்கள். ஆசிரியர்களே, காலை பிரேயரிலும் பி.டி. வகுப்பிலும் இந்தப் பிள்ளைகளை நிழலில் நிற்க விடுங்கள். தொப்பியைக் கழற்றச் சொல்லாதீர்கள்.