கல்மண்டபத்து வானம்

முதுகில் மாட்டிக்கொண்டு பறக்கும் பாராமோட்டார் வாங்கத் துடிக்கும் ராயபுரத்துத் தம்பி, "எத்தனை குதிரைசக்தி அண்ணே?" என்றுதான் ஆரம்பிப்பான். பல்சர் வாங்குகிற நினைப்பு. எடைக்கு மீறிய இன்ஜின் ஆளைத் தூக்குவதோடு விடாது, பக்கவாட்டில் முறுக்கவும் செய்யும். உண்மையில் நம்மை வானத்தில் தாங்குவது இறக்கைதான். ஆகவே முதலில் பயிற்சி, அப்புறம் ஆசிரியர் கைகாட்டும் சாதுவான இறக்கை, மோட்டார் கடைசியில். அதையும் காசு கொடுக்குமுன் முதுகில் மாட்டி ஓடிப் பார்க்கணும். 25, 30 கிலோ இருக்கும்.

மேலெழும்ப எங்கே ஓடுவது? அதைத்தான் தம்பி யோசிக்கவில்லை. கரை நெடுக அலைதடுப்புப் பாறாங்கல். தெற்கே துறைமுகம், வடக்கே எண்ணூர் மின்கம்பிகள். கிழக்கே கடல், இன்ஜினைக் கட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்குவது இந்த விளையாட்டின் மிகக் கொடிய விபத்துகளில் ஒன்று. 2022-ல் மத்திய அரசு வெளியிட்ட தேசிய வான்விளையாட்டுக் கொள்கையில் பாராமோட்டாருக்கு இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். ராயபுரம் கல்மண்டபத்தில் ஸ்கூட்டருக்கே இடமில்லை.

விசிறிக் கூண்டு ஒன்றேகால் மீட்டருக்கு மேல் அகலம். பிரித்து மடக்குகிற மாதிரி வாங்கினால்தான் மாடிப்படி ஏறும். மொட்டை மாடியில் ஒருதரம் ஸ்டார்ட் செய்தால் போதும், கார்ப்பரேஷன் கொசு மருந்து வந்துவிட்டதென்று தெருவே ஜன்னலைச் சாத்திக்கொள்ளும்.