கதவிடுக்குக் கல்வெட்டு: திருத்தணிக் கார்களின் வண்ணக் குறியீடு குறித்து ஓர் ஆய்வு

திருத்தணி ஆய்வாளர்களுக்குப் புதிய ஊர் அல்ல. இங்குள்ள வீரட்டானேசுவரர் கோயிலில் அபராஜித பல்லவன் காலத்துக் கல்வெட்டுகள் உண்டு. ஒன்பதாம் நூற்றாண்டின் அந்த எழுத்துகளை அறிஞர்கள் படியெடுத்து, பதிப்பித்து, சண்டையும் போட்டு முடித்துவிட்டார்கள். ஆனால் அதே ஊரில், மலைமேல் முருகன் கோயிலில் பூஜைக்கு நிற்கும் கார்களின் கதவிடுக்கில் இருக்கும் சில எழுத்துச் சாசனத்தை இதுவரை எவரும் சீண்டவில்லை. அக்குறையைப் போக்கவே இக்கட்டுரை எழுகிறது.

முதலில் தரவு. சக்கரத்துக்கு வைத்த எலுமிச்சம்பழம் நான்கு, நசுங்கியவை நான்கு, திரும்பும்போது பக்கத்து வண்டியின் கதவு திறந்ததால் விழுந்த கீறல் ஒன்று. பானெட்டில் சந்தனம் இன்னும் காயவில்லை. வண்டிக்காரர் நேராக டிங்கரிங் ஷெட்டுக்குப் போகிறார்.

“என்ன கலர் சார்?”

“வெள்ளை.”

“எந்த வெள்ளை?”

இத்துறையின் மூல வினா இதுவே. மாருதியின் சுப்பீரியர் ஒயிட் 26யூ. டொயோட்டாவின் சூப்பர் ஒயிட் 040. ஹோண்டாவின் டஃபேட்டா ஒயிட் என்ஹெச்-578. ஃபோக்ஸ்வாகனின் கேண்டி ஒயிட் எல்பி9ஏ. நான்கையும் தனித்தனியாகப் பார்த்தால் பால் வெள்ளை. ஒன்றின் கதவில் இன்னொன்றைத் தடவினால் வேட்டியில் தைத்த பனியன் துண்டு. ஆர்.சி. புத்தகம் இவ்விவாதத்தில் கலந்துகொள்வதில்லை. அதில் ‘ஒயிட்’ என்றிருக்கும்; மிஞ்சிப்போனால் கம்பெனி வைத்த செல்லப்பெயர் இருக்கும்.

ஒரு காலத்தில் இந்த வினாவே எழவில்லை. 1914 முதல் 1925 வரை ஃபோர்டின் மாடல் டி கறுப்பில் மட்டுமே வந்தது. 1923இல் டூபாண்ட் கம்பெனியின் டூகோ என்ற சீக்கிரம் காயும் பெயிண்டைப் பூசி ஜெனரல் மோட்டார்ஸ் தன் ஓக்லண்ட் காரை நீல நிறத்தில் இறக்கியது. ஆய்வுலகின் நிம்மதி அன்றோடு போயிற்று.

26யூ போன்ற இந்த வண்ணக் குறியீடு வண்டியில் எங்கே கிடைக்கும் என்பதில் மூன்று மரபினர் உள்ளனர். டிரைவர் கதவைத் திறந்ததும் எதிரே நிற்கும் தூணில் பார் என்பர் கதவுத்தூண் மரபினர். டொயோட்டா, ஹோண்டா வண்டிகள் இவர்களுக்குச் சான்று. பானெட்டுக்குள், எஞ்சினுக்குப் பின்னுள்ள சுவரில் இருக்கும் தகட்டைக் காட்டுவோர் இரண்டாமவர். மூன்றாமவர் ஃபோக்ஸ்வாகன், ஸ்கோடா வைத்திருப்பவர்கள். டிக்கியைக் காலி செய்து, பாயைத் தூக்கி, ஸ்டெப்னியைக் கழற்றி, குழிக்குள் தலையை விட்டுப் படிக்கும் இவர்களே உண்மையான அகழாய்வாளர்கள் என்பது என் துணிபு. சேஸிஸ் நம்பரிலேயே நிறம் இருக்கும் என்றொரு வாய்வழி மரபும் உண்டு. அது பிழை. அந்த 17 இலக்கத்தில் நிறம் கிடையாது. ஆனால் அதைக் கொடுத்தால் ஷோரூம்காரர் கம்ப்யூட்டரில் தட்டிச் சொல்லிவிடுவார்.

படியெடுக்கும் முறை முக்கியம். கதவுத்தூணில் புழுதியும் கீல் கிரீஸும் சேர்ந்து கறுப்பாய் அப்பியிருக்கும். ஈரத்துணியால் மெல்லத் துடைக்க வேண்டும். அவசரப்பட்டுத் தின்னரை ஊற்றுகிறவர்கள் அழுக்கோடு எழுத்தையும் துடைத்துவிட்டு வெள்ளி ஸ்டிக்கரில் தம் முகத்தைப் பார்ப்பார்கள். பாடபேதமும் உண்டு. டொயோட்டாவில் சாய்கோட்டுக்கு முன்னே இருப்பது பாடியின் நிறம். பின்னே இருப்பது உள்ளலங்காரக் குறியீடு. பின்பாதியை எழுதிக்கொண்டு போனவருக்குக் கடைக்காரர் சீட்டு நிறத்தைத்தான் சொல்ல முடியும்.

குறியீடு கிடைத்தால் வேலை முடிந்ததென்று நினைப்பவர் சில்வர் கார் வாங்காதவர். மெட்டாலிக் பெயிண்டில் நுண்ணிய அலுமினியச் செதில்கள் உண்டு. ஸ்ப்ரே கன் கிட்ட வந்தால் ஒரு மாதிரி, எட்டப் போனால் வேறு மாதிரி அவை படியும். ஒரே டப்பா, இரண்டு நிறம். போதாததற்கு, வெயிலில் நின்ற கார் கொஞ்சம் வெளுத்திருக்கும். டப்பாவில் இருப்பதோ பிறந்த அன்றைய நிறம். ஆகவே விவரமான பெயிண்டர் தராசில் கிராம் கணக்காகக் கலந்த பிறகும் ஓர் அட்டையில் அடித்து, காயவைத்து, வெயிலுக்குக் கொண்டுபோய்க் கதவோரம் பிடித்துப் பார்ப்பார். டியூப்லைட் சொல்லும் சாட்சியை அவர் ஏற்பதில்லை.

அப்படியும் ஒரு நூலளவு வித்தியாசம் வரும். அதற்கு அவர் கையாளும் உத்தி இவ்வூர் வரலாற்றுக்கு நேர் எதிரானது. மாநில எல்லை குறித்த படாஸ்கர் பரிந்துரைப்படி, 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி ஆந்திரத்திலிருந்து சென்னை மாநிலத்துக்கு வந்தது. அதற்கு முன் ம.பொ.சி.யும் பிறரும் நடத்திய போராட்டமெல்லாம் கோடு எங்கே விழவேண்டும் என்பதற்காக. பெயிண்டரோ கோடே விழாமல் பார்த்துக்கொள்கிறார். ஃபெண்டரில் அடித்த புது நிறத்தை மெல்ல மெல்லக் குறைத்துப் பக்கத்துக் கதவு வரை கரைத்துவிட்டு, மேலே இரண்டையும் சேர்த்துக் கிளியர் கோட் அடிக்கிறார். எல்லைத் தகராறு அதோடு தீர்கிறது. கூலி மட்டும் இரண்டு பேனலுக்கு.

நான்காவதாக ஒரு மரபினர் உண்டு. குறியீடு, தராசு, அட்டை எதையும் இவர்கள் பொருட்படுத்துவதில்லை. கீறலின் மேல் வேல் ஸ்டிக்கர் ஒன்றை ஒட்டிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடுகிறார்கள். எல்லா வெள்ளைக்கும் பொருந்துவது இம்முறையின் வலிமை. ஆனால் கீறல் ஓரடியைத் தாண்டினால் மயிலையும் சேர்க்க வேண்டியிருக்கும்.