நற்பெயருக்கு உகந்த மலை

பல்கலைக்கழகங்களின் மதிப்பை அளக்கும் கியூஎஸ் உலகத் தரவரிசை, 'பணியளிப்போர் மதிப்பு' என்னும் அளவுகோலுக்கு, அதாவது பட்டதாரிகளை வேலைக்கு எடுக்கும் நிறுவனங்களின் நல்லெண்ணத்துக்கு, 15 விழுக்காடு ஒதுக்குகிறது. பாடம் நடத்துவோருக்குப் பல்கலைக்கழகமே எப்படிப்பட்ட முதலாளி என்று கேட்கும் அநாகரிகம் அதில் இல்லை.

அந்த அநாகரிகத்தை வாட்ஸ்அப் குழுக்கள் செய்கின்றன. தமிழக அரசுக் கல்லூரிகளின் கௌரவ விரிவுரையாளர்கள், அதாவது கௌரவத்தை முன்பணமாகப் பெற்றுக்கொண்ட தற்காலிக ஆசிரியர்கள், பல்கலைக்கழக மானியக் குழு 2019இல் மாதம் 50,000 ரூபாய் வரை பரிந்துரைத்ததையும், மாநிலத்தில் அது 25,000 ஆகி, ஆண்டுக்கு 11 மாதங்களுக்கே வழங்கப்பட்டதையும் நள்ளிரவிலும் விவாதிப்பதால், உயர்கல்வியின் நற்பெயருக்குப் பெருங்கேடு விளைகிறது. ஊதியத்தை உயர்த்துவது இதற்குத் தீர்வாகாது; அது விவாதத்துக்குப் புதிய பொருளையே தரும்.

ஆகவே, தருமபுரி மாவட்டத்தில், அலைபேசிச் சிக்னலைத் தேடி மேட்டில் ஏறும் பழக்கத்துக்குப் பெயர்பெற்ற சித்தேரி மலைக்கு ஆசிரியர் குடியிருப்புகளை மாற்றுவதே அறிவார்ந்த வழி. அங்கே புகார் எழுதலாம், அனுப்ப முடியாது. முணுமுணுப்பு மலைக்குக் கீழேயுள்ள அரூர் நகரை எட்டுவதற்குள் கல்வியாண்டே முடிந்துவிடும். தரவரிசைப் படிவத்தில் 'குறைகள்: இல்லை' என மனச்சான்றுடன் எழுதலாம்.

இத்திட்டத்தின் பெருஞ்சிறப்பு பிறகுதான் புலப்படும்: வங்கியின் குறுஞ்செய்தியும் மலையேறாது என்பதால், சம்பளம் வந்ததா இல்லையா என்று எவராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. பன்னிரண்டாம் மாதத்தில் மட்டும் அந்த ஐயமும் எழாது.