கர்ணனுக்கு யாரும் அளவெடுக்கவில்லை

கர்ணன் கொடுத்துவைத்தவன். கொடைக்காக ஊரே அவனைப் புகழ்கிறது. எனக்கு அவன்மேல் பொறாமை வந்தது வேறு விஷயத்தில். பிறக்கும்போதே கவசத்தோடு பிறந்தவன். அளவெடுக்கவில்லை, வெட்டவில்லை, ஒட்டவில்லை, அக்குளில் இடிக்கிறது என்று ஒரு நாளும் புகார் சொல்லவில்லை. பிள்ளை வளர வளரக் கவசமும் கூடவே வளர்ந்திருக்கிறது. இல்லாவிட்டால் ஒரு தேரோட்டி வீட்டில் வருஷத்துக்கு ஒரு கவசம் செய்து போடக் கட்டுப்படியாகுமா?

அவனுக்கு அடுத்தபடி கொடுத்துவைத்தவர்கள் கோயில் மூலவர்கள். வெள்ளிக் கவசம், தங்கக் கவசம் என்று சாத்துகிறார்கள். எங்கும் ஒரு நூல்கூடப் பிசகுவதில்லை. நிற்கிற சாமி நின்றுகொண்டே இருப்பார், உட்கார்ந்தவர் உட்கார்ந்தே இருப்பார். தகடு தட்டுகிறவருக்கு, முட்டி எங்கே மடங்கும் என்ற கவலையே கிடையாது.

என் அக்கா மகன் இந்த இரண்டு வகையிலும் சேரமாட்டான். கவசம் பிறவியில் வரவில்லை. ஓரிடத்தில் நிற்கவும் தெரியாது. பொறியியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறான் என்று கல்லூரி சொல்கிறது, வீடியோ கேம் விளையாடுகிறான் என்று வீடு சொல்கிறது. 2024 பிப்ரவரியில் சென்னைக்கு முதல்முறையாக வந்த காமிக் கான் என்கிற வேஷத் திருவிழாவை டி-ஷர்ட்டோடு போய் வேடிக்கை பார்த்துவிட்டு வந்தவன், அடுத்த தடவை அது நடக்கிற நந்தம்பாக்கத்தில் காலெடுத்து வைத்தால் தலைமுதல் கால்வரை இரும்புத் தகடு பூட்டிய ஐரோப்பிய வீரனாகத்தான் வைப்பேன் என்று சபதம் போட்டான்.

“வாடகைக்கு எடுத்துக்கோயேன்டா” என்றேன்.

“போய்ப் பார்த்துட்டேன் மாமா. பாரதியார் இருக்காரு, விவேகானந்தர் இருக்காரு, ஒரு கேரட் இருக்கு. எல்லாம் யூ.கே.ஜி. சைஸ்.”

குடும்பத்தில் சொந்தமாக டிரில்லிங் மெஷின் வைத்திருக்கும் ஒரே ஆள் என்ற தகுதியில் வேலை என் தலையில் விழுந்தது.

நிஜமான இரும்புக் கவசம் என்றால் இருபது, இருபத்தைந்து கிலோ சாதாரணமாக வரும். வேஷம் போடுகிறவர்கள் உலகம் முழுக்க நம்பியிருப்பது ஈ.வி.ஏ. என்கிற நுரை ஷீட்டை. குழந்தைகள் விழுந்தால் அடிபடாமல் இருக்கத் தரையில் கோத்துப் போடுகிறார்களே, அந்தப் பாய். செருப்புக்கு அடியில் இருப்பதும் பெரும்பாலும் அதுதான். கத்தியால் வெட்டலாம், சூடு காட்டி வளைக்கலாம். பெயின்ட் அடித்துவிட்டால் பத்தடி தள்ளி நிற்கிறவருக்கு அது இரும்பு. செருப்பு என்றதும் எனக்குப் பெரியமேடு ஞாபகம் வந்தது. தோல் பதனிடுவோரும் ஷூ தைப்போரும் சாமான் வாங்குகிற இடம்.

“சோலுக்கா, இன்சோலுக்கா?” என்றார் கடைக்காரர்.

“மார்புக்கு.”

அவர் முகத்தில் ஒரு சலனமும் இல்லை. பெரியமேட்டில் இருப்பவர்கள் எல்லாவற்றையும் பார்த்திருப்பார்கள். “எத்தனை எம்.எம்.?”

“மார்புக்குப் பத்து, கை காலுக்கு ஆறு.”

ஷீட்டைச் சுருட்டிக் கட்டிக் கொடுத்துவிட்டு, என் பின்னால் நின்ற பையனை ஏற இறங்கப் பார்த்தார். “வேர்க்கும்” என்றார். மொத்த வேலைக்கும் கிடைத்த ஆகச் சிறந்த தொழில்நுட்ப ஆலோசனை அதுதான்.

தையல்காரர் நாடாவில் எடுக்கிற அளவு சட்டைக்குப் போதும். துணி தொங்கும், மடியும், தொப்பையைப் பார்த்தால் விட்டுக்கொடுக்கும். தகடு விட்டுக்கொடுக்காது. அதனால் இந்தத் தொழிலில் ஆளையே அச்சு எடுக்கிறார்கள். பழைய பனியன் ஒன்றை மாட்டிவிட்டு, சாப்பாட்டுப் பாத்திரத்தை மூடுகிற மெல்லிய பிளாஸ்டிக் தாளால் உடம்பைச் சுற்ற வேண்டும். அதன்மேல் பேக்கிங் டேப்பை இழுத்து இழுத்து ஒட்ட வேண்டும். எங்கே தகடு முடிகிறது, எங்கே இணைகிறது என்று மார்க்கரால் கோடு போட வேண்டும். கோட்டுக்குக் குறுக்கே சின்னச் சின்ன அடையாளங்களும் போட வேண்டும். இல்லையென்றால் பிரித்த பிறகு எதனோடு எது சேரும் என்று ஜோசியம்தான் பார்க்கணும். கடைசியில் முதுகுப் பக்கம் கத்தரித்து உரித்தெடுத்தால், ஆள் இல்லாத உடம்பு ஒன்று கையில் இருக்கும். அதைத் துண்டு துண்டாக வெட்டித் தரையில் படுக்க வைத்தால், அதுதான் பேட்டர்ன். படுக்க மறுக்கிற இடத்தில் ஒரு கீறல் போட்டுவிட வேண்டும்.

ஹாலில், துபாய்க்கு அனுப்பக் கட்டிய பார்சல் போல அவன் கைகளை விரித்துக்கொண்டு நின்ற நேரத்தில் காஸ் சிலிண்டர் வந்தது. கொண்டுவந்தவர் ஒரு கணம் பார்த்தார். அவருடைய கவலை வேறு.

“ஓ.டி.பி. சொல்லுங்க.”

அக்காவின் போனுக்குத்தான் ஓ.டி.பி. வரும். அக்காவின் போன் அப்போது அவன் டிராயர் பையில் இருந்தது. டிராயர், டேப்புக்குள் இருந்தது. வயிற்றுக்குள்ளிருந்து டிங் என்று ஒரு சத்தம் கேட்டது. சிலிண்டரா அளவா என்று அக்கா முடிவெடுக்க அதிக நேரம் ஆகவில்லை. இடுப்பிலிருந்து மறுபடி சுற்றினோம்.

வெட்டுவதைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. கத்தியின் கூர் போனால் ஷீட்டைக் குதறும், அதனால் பிளேடை அடிக்கடி மாற்ற வேண்டும். இடது தோளுக்கு ஒன்று, வலது தோளுக்கு ஒன்று வெட்டச் சொல்லி அவனிடம் விட்டேன். இரண்டு இடது தோள் வந்தது. பேட்டர்னைத் திருப்பிப் போடாமல் வெட்டிவிட்டு, “கேம்ல அப்படித்தான் மாமா இருக்கு” என்று சாதித்தான். எனக்குப் பிடித்தது வளைக்கிற கட்டம். ஹீட் கன்னால் காட்டினால் ஷீட்டின் மேல்பரப்பு லேசாக மினுங்கும். அந்தப் பதத்தில் எடுத்து ஒரு உருண்டையான பொருளின்மேல் வைத்து அழுத்தி ஆறவிட்டால் அந்த வளைவு அப்படியே நிற்கும். முழங்காப்புக்கு என் முழங்காலே போதுமானதாக இருந்தது, வேட்டியை மடித்துப் போட்டுக்கொண்டால். மார்புக்கு அக்கா வீட்டுப் பித்தளைக் குடம் வாய்த்தது. அக்காவின் கல்யாணச் சீரில் வந்த குடம். வீரனின் மார்பு இன்றைக்கும் அந்தக் குடத்தின் அளவுதான்.

ஒட்டுவதற்கு ஷூவுக்குப் போடுகிற அதே சொல்யூஷன். இரண்டு பக்கமும் தடவி, தொட்டால் விரலில் ஒட்டாத அளவுக்குக் காயவிட்டு, பிறகுதான் சேர்க்க வேண்டும். சேர்த்தபின் ‘கொஞ்சம் தள்ளி வைக்கலாமே’ என்ற பேச்சுக்கே இடமில்லை. வாடை மண்டையைப் பிளக்கும், மொட்டைமாடியில்தான் செய்தோம்.

பெயின்ட் விஷயத்தில் என் அம்மாவோடு கருத்து வேறுபாடு வந்தது. நுரை பெயின்டைக் குடித்துவிடும் என்பதால் முதலில் தண்ணீர் கலந்த பெவிகாலைப் பல கை பூசி, அதன்மேல் கறுப்பு, அதன்மேல் வெள்ளி நிறம் அடித்தோம். பளபளவென்று இருந்தது. அம்மா சந்தோஷப்பட்டாள். அடுத்த கட்டமாக, போருக்குப் போய்வந்த கவசம் என்று தெரிய வேண்டுமே, நீர்த்த கறுப்புப் பெயின்டை மூலை முடுக்குகளில் விட்டுத் துடைத்தோம். மறுநாள் காலை மாடிக்குப் போனால் அம்மா ஒரு கையில் தேங்காய் நாரும் இன்னொரு கையில் பீதாம்பரிப் பவுடருமாகத் தோள்கவசத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். “வெள்ளிச் சாமானை இப்படியாடா கறுக்க விடுவீங்க?” அந்தத் தோள் மட்டும் போருக்குப் போகாத தோளாகவே நின்றுவிட்டது.

இதெல்லாம் பாதிக் கிணறுகூட இல்லை. தகடு செய்ய யாராலும் முடியும். ஆள் அதற்குள் போனபிறகுதான் மனுஷ உடம்பு எத்தனை இடத்தில் மடங்குகிறது என்பது தெரியவருகிறது. மூச்சு விட்டால் மார்பு விரிகிறது. கையை முன்னால் நீட்டினால் தோள்பட்டை எங்கோ போகிறது. ஒத்திகையில், நடந்த மூன்றாவது அடியில் தொடைக்கவசம் இரண்டும் கணுக்காலுக்கு இறங்கிவிட்டன.

விடை பழைய ஐரோப்பியக் கொல்லர்களிடமே இருக்கிறது. சினிமாக்காரர்கள் மார்புக்கவசத்தை இடுப்பெலும்புவரை இறக்கிவிடுகிறார்கள். குனிந்தால் தொண்டையில் குத்தும். அசல் கவசம் இடுப்பு ஒடுங்கும் இடத்திலேயே, தொப்புளுக்கு மேலாக, நின்றுவிடும். அதற்குக் கீழே ஒன்றன்மேல் ஒன்று சரியும் பட்டைகள், உள்ளே தோல் வாரில் தொங்கும். தொடைக்கவசம் தொடையைப் பிடித்துக்கொண்டு நிற்பதில்லை. உள்ளே போடுகிற பஞ்சு வைத்த சட்டையிலோ இடுப்பு வாரிலோ கயிற்றால் கட்டித் தொங்கவிடுவார்கள். இங்கிலாந்து அரசன் எட்டாம் ஹென்றிக்கு 1520இல் செய்த ஒரு கவசத்தில், பின்பக்கம் உட்பட உடம்பில் ஒரு இடைவெளிகூட இல்லாதபடி இருநூறுக்கும் மேற்பட்ட தகடுகளைக் கோத்திருக்கிறார்கள். எடை நாற்பது கிலோவுக்கு மேல். பிரெஞ்சு அரசனோடு சேர்ந்து நடத்தவிருந்த பெரிய போட்டி விழாவுக்கான உடுப்பு அது. விழாவுக்குச் சில மாதம் இருக்கும்போது பிரெஞ்சுக்காரர்கள் விதியை மாற்றி, பாவாடை வைத்த கவசம்தான் செல்லும் என்றுவிட்டார்கள். பாவம் அந்தக் கொல்லர்கள், இதைப் பாதியில் போட்டுவிட்டு, கையில் கிடைத்த பழைய துண்டுகளைச் சேர்த்து அவசர அவசரமாக வேறொன்றைக் கட்டினார்கள். அந்தப் பட்டறையில் அன்றைக்கு என்ன மொழியில் என்ன வசவு கேட்டிருக்கும் என்பதை என்னால் ஊகிக்க முடிகிறது. அதே ஹென்றிக்கு 1540இல் செய்த கவசத்தின் இடுப்பு ஏறக்குறைய 130 செ.மீ. கர்ணனுக்குப் போல அதுவும் கூடவே வளர்ந்திருந்தால் அரசாங்கத்துக்கு எவ்வளவு மிச்சம்!

கால்கவசம் கனமாக இருக்கக் கூடாது என்பதற்கு ஆராய்ச்சி ஆதாரமே உண்டு. 2011இல் லீட்ஸ் பல்கலைக்கழகத்து ஆட்கள், பழங்கால மாதிரிக் கவசம் போட்டவர்களை டிரெட்மில்லில் நடக்கவிட்டு மூச்சை அளந்தார்கள். சும்மா நடப்பதைவிட இரண்டு மடங்குக்கு மேல் சக்தி செலவாகிறது. அதே எடையை முதுகில் பையாகச் சுமப்பதைவிடவும் மோசம். ஒவ்வோர் அடிக்கும் காலில் உள்ள எடையைத் தூக்கித் தூக்கி வீச வேண்டியிருக்கிறதே. ஆகவே அவன் காலுக்கு ஆறு எம்.எம்.மையும் குறைத்து நாலு ஆக்கினேன். இணைகிற இடமெல்லாம் எலாஸ்டிக், வெல்க்ரோ, ஸ்கூல் பையிலிருந்து பிடுங்கிய கிளிப்.

உட்காருவது மட்டும் கடைசிவரை கைகூடவில்லை. இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ‘ஸ்டார் வார்ஸ்’ படத்தில் தங்க நிற ரோபோவாக நடித்த அந்தோனி டேனியல்ஸும் அந்த உடுப்பில் உட்கார முடியாமல் சாய்பலகையில்தான் சாய்ந்து நின்றார். அதே 1977 படத்தில் வெள்ளைக் கவச வீரர் ஒருவர் கதவில் மண்டையை இடித்துக்கொள்வது இன்றைக்கும் திரையில் இருக்கிறது. ஹாலிவுட் பணத்துக்கே கண் தெரியாதபோது, என் தலைக்கவசத்தின் கீறலில் அவனுக்கு எதிரே வருகிறவரின் பெல்ட் மட்டும் தெரிந்தது கௌரவமான விஷயம். இயற்கை உபாதைக்கு என்ன ஏற்பாடு என்று கேட்கிறீர்கள். காலையிலிருந்து அவன் தண்ணீர் குடிக்கவில்லை.

நந்தம்பாக்கத்து வாசலில் காவலாளி கையில் வைத்திருந்த கருவியை மேலிருந்து கீழ்வரை தடவினார். கிளிப்பில் மட்டும் ஒரு முனகல். நம்பாமல் மார்பில் தட்டிப் பார்த்தார். “தெர்மாகோலா?” என்றார். முழு உழைப்பும் ஒரே சொல்லில் காலி.

உள்ளே போய்ச் சிறிது நேரத்தில் அவன் முகம் ஹெல்மெட்டுக்குள் அவிந்துகொண்டிருந்தது. பெரியமேட்டுக்காரர் வாக்குப் பலித்தது. நான் பின்னாலேயே ஒரு பையோடு நடந்தேன். ஐரோப்பாவில் ஒவ்வொரு வீரனுக்கும் மாட்டிவிடவும் கழற்றிவிடவும் ஒரு பையன் இருப்பானாம். இங்கே பையன் வீரனாகிவிட்டதால் அந்த வேலைக்கு மாமா. பையில் ஊக்கு, டேப், சொல்யூஷன் டப்பா, பேட்டரி விசிறி, முதுகு சொறிய ஒரு முப்பது செ.மீ. ஸ்கேல்.

அவன் தோள்வார் ஒருமுறை பிய்ந்தது. ஓரமாக நிறுத்தி ஒட்டிக்கொண்டிருந்தேன். நிமிர்ந்தால் எதிரே நீல முடி வைத்த ஒரு பெண், கையில் தன்னுடைய இறக்கை. “அங்கிள், இதையும் கொஞ்சம்...” அவளுக்குப் பின்னால் உடைந்த வாளோடு ஒருவர். அவருக்குப் பின்னால் வால் கழன்ற ஏதோ ஒரு மிருகமும் அதன் தாயாரும். தாயார் மணிபர்ஸைத் திறந்து, “எவ்வளவுங்க?” என்றார். என் வீரன் கூச்சத்தில் நகர்ந்து, சுவரில் சாய்ந்துகொண்டான்.

வரிசையின் கடைசியில் காக்கி உடுப்பில் ஒருவர். தொப்பி, நட்சத்திரம், லத்தி, மீசை எல்லாம் அபாரமான வேலைப்பாடு. எங்கேயும் ஒட்டுப்போட்ட தடம் தெரியவில்லை.

“ரொம்ப நல்லா பண்ணியிருக்கீங்க. என்ன கேரக்டர் சார்?”

“பந்தோபஸ்து டூட்டி” என்றார். வலது காலைத் தூக்கிக் காட்டினார். ஷூவின் அடி முன்பக்கம் வாயைப் பிளந்திருந்தது. “இது ஒட்டுமா?”

இரண்டு பக்கமும் தடவினேன். பத்து நிமிஷம் காய வேண்டும் சார் என்றேன். என் வீரனின் தோளைப் பிடித்துக்கொண்டு, பொறுமையாக ஒற்றைக் காலில் நின்றார்.